கெர்னல் டிரேஸ் ஈவென்ட் குழுக்கள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

லினக்ஸ் கெர்னலில் ஒரு டிரேஸ் ஈவென்ட் (கோட் ஓர் இடத்தைக் கடக்கும்போது ஒரு வரியைப் பதிவு செய்யும் கண்காணிப்புப் புள்ளி) எதிர்பார்த்தபடி பேசவில்லை என்றால், உடனே அந்த ஈவென்டின் கோடைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். பல நேரம் கோளாறு அங்கே இருப்பதில்லை. அந்த ஈவென்ட் எந்தக் குழுவில் இருக்கிறது, அந்தக் குழுவிடம் நாம் என்ன கேட்டோம் என்பதில்தான் இருக்கிறது.

அறிகுறிகளுக்குள் போகுமுன் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழு என்பது, ஹெட்டர் ஃபைலில் டிரேஸ்_சிஸ்டம் என்ற மேக்ரோவுக்கு நாம் கொடுக்கும் ஒரு பெயர். கம்பைல் ஆகும்போது அந்தப் பெயர் ஈவென்ட் கிளாஸில் ஒட்டிக்கொள்கிறது. கெர்னல் ஓடும்போது அதே பெயரில் /சிஸ்/கெர்னல்/டிரேசிங்/ஈவென்ட்ஸ் என்ற இடத்துக்குக் கீழே ஒரு டைரக்டரி வருகிறது. ஷெட் (ஷெட்யூலருக்குரியது), இர்க், பிளாக், கேமெம், நெட் எல்லாம் அப்படி வந்தவைதான். அந்த டைரக்டரியில் எனேபிள், ஃபில்டர் என்று இரண்டு ஃபைல்கள் இருக்கும். அவற்றில் எழுதினால், கெர்னல் உள்ளே இருக்கும் ஈவென்ட்களிடம் ஒவ்வொன்றாகப் போய் அதைச் செய்யப் பார்க்கும். இயக்கமும் ஃபில்டரும் கடைசியில் ஈவென்டிடம்தான் இருக்கின்றன. ஆகவே குழுவுக்கு ஒரு கட்டளை கொடுத்தால், ஈவென்ட் அளவில் இறங்கி அது நடந்ததா என்று பார்க்க வேண்டும். கீழே வரும் அறிகுறிகளில் பாதி, அப்படிப் பார்க்காமல் விட்டதால் வருபவை.

குழுவின் டைரக்டரியே கண்ணில் படவில்லை

முதலில் சரியான இடத்தில்தான் தேடுகிறீர்களா என்று பாருங்கள். டிரேஸ்எஃப்எஸ் என்ற தனி ஃபைல் சிஸ்டம் 2015-இல் 4.1 கெர்னலில் வந்தது. அதற்கு முன்பு எல்லாமே /சிஸ்/கெர்னல்/டீபக்/டிரேசிங் என்ற பாதையில் இருந்தன. பழைய குறிப்புகள் இன்னும் அந்தப் பாதையையே சொல்லும். இப்போது டீபக்எஃப்எஸ் மவுன்ட் ஆகாத கணினியிலும் டிரேஸ்எஃப்எஸ் கிடைக்கும் என்பதால், புதிய பாதையையே பழக்கப்படுத்திக்கொள்வது நல்லது. வழக்கமாக ரூட் தவிர வேறு யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவும் முடியாது. சாதாரணப் பயனராக இருந்துகொண்டு டைரக்டரி காலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

சுடோ போட்டு எக்கோ செய்தும் அனுமதி மறுக்கப்படுகிறதா? அந்த > குறியைச் செயல்படுத்துவது உங்கள் ஷெல், அதற்கு ரூட் உரிமை கிடையாது. டீ கட்டளைக்குப் பைப் செய்யுங்கள், அல்லது ரூட் ஷெல்லுக்கே போய்விடுங்கள். ரூட்டாக இருந்தும் மறுத்தால் கெர்னல் லாக்டவுன் (ரூட்டையே கட்டுப்படுத்தும் பாதுகாப்பு நிலை) இருக்கிறதா என்று பாருங்கள். அதன் கடுமையான நிலையில் டிரேஸ்எஃப்எஸ் திறக்கவே விடாது.

இடம் சரி, குழுவைக் காணோம் என்றால் அடுத்து பெயரைச் சந்தேகியுங்கள். ஈவென்டின் முன்னொட்டும் குழுவின் பெயரும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துத் தேடினால் ஏமாந்துபோவோம். நினைவகம் சம்பந்தப்பட்ட ஈவென்ட்கள் பல எம்எம்_ என்று தொடங்குகின்றன, ஆனால் எம்எம் என்ற குழுவில் தேடினால் கிடைக்காது. எம்எம்_பேஜ்_அலாக் இருப்பது கேமெம் குழுவில். எம்எம்_விஎம்ஸ்கேன்_ என்று தொடங்குபவை விஎம்ஸ்கேன் குழுவில். ஃபைல்மேப், பேஜ்மேப், கம்பாக்ஷன், மைக்ரேட், ஹியூஜ்_மெமரி, ஓஓஎம் என்று அதே வேலையின் மீதித் துண்டுகள் வேறு வேறு வீடுகளில் குடியிருக்கின்றன. இன்னொன்று: எல்லா சிஸ்டம் கால்களுக்கும் பொதுவான சிஸ்_என்டர் ஈவென்ட் ரா_சிஸ்கால்ஸ் குழுவில் இருக்கிறது. ஒவ்வொரு காலுக்கும் தனியாக உள்ள சிஸ்_என்டர்_ஓப்பன்அட் போன்றவை சிஸ்கால்ஸ் குழுவில். பெயரை ஊகித்துக்கொண்டிருக்காமல் அவெய்லபிள்_ஈவென்ட்ஸ் என்ற ஃபைலில் கிரெப் செய்துவிடுங்கள். குழு, முக்காற்புள்ளி, ஈவென்ட் என்ற வடிவில் ஒவ்வொரு வரியும் இருக்கும். அரை நிமிட வேலை.

அதிலும் இல்லையென்றால் கெர்னலை உருவாக்கியவர் அந்த ஈவென்டை உள்ளே விடவில்லை என்று பொருள். கெர்னலின் ஒத்திசைவு முறைகளில் ஒன்றான ஆர்சியுவின் குழு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆர்சியு_டிரேஸ் என்ற கான்ஃபிக் இல்லாத கெர்னலில் குழு இருக்கும், ஆர்சியு_யூட்டிலைசேஷன் என்ற ஈவென்டும் இருக்கும், ஆனால் மற்றவற்றில் பெரும்பாலானவை இருக்காது. குழு இருப்பதைப் பார்த்ததும் எல்லாம் இருக்கிறது என்று நம்பிவிடுவோம்.

மாட்யூலுடன் வரும் குழுக்கள் மாட்யூல் ஏறும்வரை இருக்காது. கேவிஎம் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் பகுதி), எக்ஸ்எஃப்எஸ் (ஒரு ஃபைல் சிஸ்டம்) எல்லாம் மாட்யூலாகக் கட்டப்பட்டிருந்தால் முதலில் மாட்யூலை ஏற்றிவிட்டுத் தேடுங்கள்.

மாட்யூல் ஏறியிருக்கிறது, எல்எஸ்மாடில் பெயர் தெரிகிறது, டிரைவர் வேலையும் செய்கிறது, அப்போதும் குழு இல்லை என்றால்? எனக்கு இது ஒருமுறை முழுப் பிற்பகலைத் தின்றது. சோதனைக் கணினியில் இருந்த கெர்னலுக்கும் மாட்யூலைக் கட்டிய கெர்னலுக்கும் பதிப்பு ஒத்துப்போகவில்லை. எங்கள் அணியில் இருந்த ஒருவர் ஃபோர்ஸ் கொடுத்து ஏற்றிவிட்டுப் போயிருந்தார், எனக்கு அது தெரியாது. ஹெட்டரைத் திரும்பத் திரும்பப் படித்தேன், நான்கு முறை மறுபடி கம்பைல் செய்தேன். கடைசியில் கெர்னல் லாக்கைப் புரட்டியபோது ஒரே ஒரு வரி கிடைத்தது: மாட்யூலின் பெயர், அதை அடுத்து "மாட்யூல் ஹேஸ் பேட் டெயின்ட், நாட் கிரியேட்டிங் டிரேஸ் ஈவென்ட்ஸ்". வலுக்கட்டாயமாக ஏற்றிய மாட்யூலின் ஈவென்ட்களைக் கெர்னல் பதிவு செய்வதே இல்லை. அது சரியான முடிவுதான். உள்ளமைப்புகளின் வடிவம் மாறியிருந்தால், ஈவென்டைப் பதிவு செய்வதே கெர்னலைக் கவிழ்த்துவிடும். கெர்னல் மரத்துக்கு வெளியே கட்டியது, கையொப்பம் இல்லாதது என்ற காரணங்களுக்காக மட்டும் ஈவென்ட்கள் மறுக்கப்படாது. 2014-இல் 3.15 வரும்வரை, கையொப்பம் இல்லாத மாட்யூலுக்கும் வலுக்கட்டாயமாக ஏற்றிய மாட்யூலுக்குரிய அதே டெயின்ட் முத்திரைதான் விழுந்தது. அதனால் பாவம், அவற்றின் ஈவென்ட்களும் சேர்ந்து காணாமல் போயின. பிறகுதான் அதற்கெனத் தனி முத்திரை கொடுத்தார்கள். ஆகவே குழுவைக் காணோம் என்றால் கெர்னல் லாக்கை முதலிலேயே பாருங்கள். என்னைப் போல ஐந்தாவதாகப் பார்க்க வேண்டாம்.

ஈவென்ட் இருக்கிறது, ஆனால் வேறு குழுவில்

புதிதாக ஈவென்ட் எழுதுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். இருக்கிற ஹெட்டர் ஒன்றை நகல் எடுத்து, ஈவென்ட் பெயர்களை மாற்றி, டிரேஸ்_இன்க்ளூட்_ஃபைல் மேக்ரோவையும் ஒழுங்காக மாற்றிவிட்டு, மேலே இருக்கும் டிரேஸ்_சிஸ்டத்தை மட்டும் விட்டுவிடுவார்கள். கம்பைலர் வாயே திறக்காது. மூல ஹெட்டர் பிளாக் குழுவுக்குரியது என்றால், உங்கள் ஈவென்ட்களும் பிளாக் குழுவிலேயே போய் உட்கார்ந்துவிடும். இரண்டு ஹெட்டர்கள் ஒரே குழுப் பெயரைப் பகிர்ந்துகொள்வது தவறே இல்லை என்பதால்தான் எச்சரிக்கை வருவதில்லை. கேவிஎம் அப்படித்தான் செய்கிறது. பொதுவான ஈவென்ட்கள் ஒரு ஹெட்டரில், எக்ஸ்86-க்கு உரியவை ஆர்க் டைரக்டரிக்குள் இன்னொரு ஹெட்டரில். இரண்டிலும் டிரேஸ்_சிஸ்டம் கேவிஎம்தான்.

அதே எக்ஸ்86 கேவிஎம்மில் பக்க அட்டவணை வேலைகளுக்கு மட்டும் கேவிஎம்எம்எம்யு என்று தனிக் குழு இருக்கிறது. கேவிஎம் குழுவை மட்டும் இயக்கிவிட்டு ஷேடோ பக்க ஈவென்ட்கள் வரவில்லையே என்று காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இது பிழை அல்ல, வேண்டுமென்றே செய்த பிரிப்பு. பக்க அட்டவணை ஈவென்ட்களின் இரைச்சல் மற்றவற்றை மூழ்கடித்துவிடாமல், வேண்டும்போது மட்டும் திறந்துகொள்ள முடிகிறது. நீங்கள் குழு பிரிக்கும்போதும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து: ஒருவர் ஒரே நேரத்தில் சேர்த்து இயக்க விரும்புபவை ஒரு குழு. சோர்ஸ் ஃபைல் எந்த டைரக்டரியில் இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம்.

டிரேஸ்_சிஸ்டத்தை எழுதும் இடமும் முக்கியம். டிரேஸ் ஹெட்டர் ஒரே கம்பைலில் பலமுறை படிக்கப்படும். ஒவ்வொரு முறையும் மேக்ரோக்களுக்கு வேறு பொருள் கொடுத்து, ஒரே வரியிலிருந்து ஸ்ட்ரக்ட், ஃபங்ஷன், அச்சு வடிவம் என்று வெவ்வேறு துண்டுகளைக் கறந்துகொள்கிறார்கள். அதனால் அன்டெஃப், டிஃபைன் என்ற இரண்டு வரிகளும் ஹெட்டரின் பாதுகாப்பு இஃப்-புக்கு வெளியே, உச்சியில் இருக்க வேண்டும். உள்ளே வைத்தால், இடையில் வேறு டிரேஸ் ஹெட்டர் ஒன்று வந்துபோனபோது விட்டுச்சென்ற பெயரே உங்கள் ஈவென்ட்டுக்கும் ஒட்டிக்கொள்ளலாம். கடைசியாக எழுதப்பட்ட பெயர் எதுவோ அதுதான் எடுபடும்.

குழுவின் பெயர் கிளாஸில்தான் ஒட்டுகிறது என்று மேலே சொன்னேன். அதனால் ஒரு டிக்ளேர்_ஈவென்ட்_கிளாஸை வைத்துக்கொண்டு, அதிலிருந்து பிறக்கும் இரண்டு ஈவென்ட்களை இரண்டு குழுக்களில் போட முடியாது. பிரிக்க வேண்டுமானால் கிளாஸையும் இரண்டாக எழுதுங்கள். கொஞ்சம் நினைவகம் கூடுதலாகப் போகும், பரவாயில்லை.

கம்பைல் ஆகவில்லை

டிஃபைன்_டிரேஸ் ஹெட்டரிலிருந்து "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்று வந்தால், கெர்னல் உங்கள் குழுப் பெயரையே ஃபைல் பெயராக நினைத்துத் தேடுகிறது. குழுவின் பெயரும் ஹெட்டரின் பெயரும் வேறு வேறாக இருந்தால் டிரேஸ்_இன்க்ளூட்_ஃபைல் எழுத வேண்டும். ஹெட்டர் இன்க்ளூட்/டிரேஸ்/ஈவென்ட்ஸ் டைரக்டரியில் இல்லாமல் உங்கள் டிரைவர் பக்கத்திலேயே இருந்தால் டிரேஸ்_இன்க்ளூட்_பாத்தும் வேண்டும். பாதைக்கு ஒற்றைப் புள்ளி கொடுத்தால், மேக்ஃபைலில் அந்த ஆப்ஜெக்டுக்கு உங்கள் சோர்ஸ் டைரக்டரியைத் தேடல் பாதையாகச் சேர்க்கவும் மறக்காதீர்கள். மறந்தால் அதே பிழை அப்படியே திரும்ப வந்து நிற்கும்.

லிங்க் செய்யும்போது __டிரேஸ்பாயின்ட்_ என்று தொடங்கும் பெயர் கிடைக்கவில்லை என்று வந்தால், எந்த சி ஃபைலிலும் கிரியேட்_டிரேஸ்_பாயின்ட்ஸ் என்ற டிஃபைனை எழுதவில்லை. அதே பெயர் பலமுறை வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று வந்தால் மூன்று காரணங்களில் ஒன்று. ஒன்றுக்கு மேற்பட்ட சி ஃபைல்களில் எழுதியிருக்கலாம். அல்லது ஒன்றில்தான் எழுதினீர்கள், ஆனால் மற்ற இன்க்ளூட்களுக்கு மேலே வைத்துவிட்டீர்கள். அந்த இன்க்ளூட்களில் ஏதோ ஒன்றின் வழியாக அடுத்தவர் டிரேஸ் ஹெட்டர் உள்ளே வந்து, அவர்களுடைய ஈவென்ட்களும் உங்கள் ஃபைலில் இன்னொரு முறை பிறந்துவிட்டன. அந்த டிஃபைன் எல்லா இன்க்ளூட்களுக்கும் கீழே, உங்கள் டிரேஸ் ஹெட்டருக்கு நேர் மேலே இருக்கட்டும். மூன்றாவது காரணம், பெயர் மோதல். குழு வேறு என்பதால் ஈவென்ட் பெயர் ஒன்றாக இருக்கலாம் என்று நினைப்பது இயல்பு, ஆனால் டிரேஸ்பாயின்ட் பெயர் கெர்னல் முழுமைக்கும் பொதுவான ஒரு சிம்பல். ஸ்டார்ட் என்று வெறுமனே பெயர் வைக்காமல், குழுவின் பெயரை முன்னால் சேர்த்து வையுங்கள். இதில் இன்னொரு ஆதாயமும் உண்டு: டிரேஸ் ஃபைலில் அச்சாகும் வரியில் ஈவென்ட் பெயர் மட்டும்தான் வரும், குழுவின் பெயர் வராது. முன்னொட்டு இல்லாத ஈவென்ட் யாருடையது என்று படிப்பவருக்குத் தெரியாது.

குழுவின் பெயரில் நடுக்கோடு வைத்தாலும் கம்பைல் விழும், ஏனென்றால் அந்தப் பெயரிலிருந்து ஒரு சி மாறியின் பெயர் உருவாக்கப்படுகிறது. நடுக்கோடு வேண்டியே தீரும் என்றால், டிரேஸ்_சிஸ்டம்_வார் மேக்ரோவில் கீழ்க்கோடு போட்ட பெயரைத் தனியாகக் கொடுங்கள். கெர்னலுடன் வரும் சாம்பிள்ஸ் டைரக்டரியில் உள்ள எடுத்துக்காட்டும் அப்படித்தான் செய்கிறது. நான் கீழ்க்கோட்டிலேயே நின்றுவிடுவேன், ஒரு மேக்ரோ மிச்சம்.

குழுவின் எனேபிள் ஃபைலில் எக்ஸ், கேள்விக்குறி, நட்சத்திரம்

0 என்றால் எல்லாம் அணைந்திருக்கிறது, 1 என்றால் எல்லாம் இயங்குகிறது. எக்ஸ் என்றால் சில இயங்குகின்றன, சில இல்லை. கேள்விக்குறி என்றால் இந்த ஃபைல் கட்டுப்படுத்தும் ஈவென்ட் எதுவும் இல்லை. ஈவென்டின் சொந்த எனேபிள் ஃபைலில் எண்ணை ஒட்டி நட்சத்திரம் தெரிந்தால், ஏதோ ஒரு டிரிக்கர் அல்லது ஃபங்ஷன் கட்டளை அந்த ஈவென்டைப் பிடித்துவைத்திருக்கிறது. நேரம் வரும்போது அதுவாக எழுதத் தொடங்கும்.

எஃப்டிரேஸ் என்ற குழுவில் எனேபிளும் ஃபில்டரும் இல்லாததைப் பார்த்து யாராவது பதறினால், அது அப்படித்தான் என்று சொல்லுங்கள். அங்கே இருப்பவை டிரேசர்கள் தாமே எழுதும் பதிவுகளின் வடிவங்கள். இயக்குவதற்கு எதுவும் இல்லை.

ஒரு குழுவை இயக்கினால் இன்னொன்று அணைந்துவிடுகிறது

செட்_ஈவென்ட் ஃபைலில் ஒற்றை > குறியால் எழுதியிருக்கிறீர்கள். அப்படித் திறந்த உடனேயே கெர்னல் எல்லா ஈவென்ட்களையும் அணைத்துவிட்டு, பிறகு நீங்கள் எழுதியதை மட்டும் இயக்கும். சேர்க்க வேண்டுமானால் >> போடுங்கள். குழுக்களின் எனேபிள் ஃபைல்களில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

செட்_ஈவென்டில் ஷெட் என்று முக்காற்புள்ளி இல்லாமல் எழுதினால், அந்தப் பெயருள்ள குழுவையும் பிடிக்கும், அந்தப் பெயருள்ள ஈவென்டையும் பிடிக்கும். குழு மட்டும் வேண்டும் என்றால் ஷெட்:* என்று மேற்கோளுக்குள் எழுதுங்கள். ஒன்றை மட்டும் விலக்க முன்னால் ஆச்சரியக்குறி போடலாம். பாஷ் ஷெல்லில் அது பழைய கட்டளைகளைத் தேடும் குறி என்பதால், அதற்கு ஒற்றை மேற்கோள் கட்டாயம்.

குழுவுக்கு ஃபில்டர் போட்டும் வெள்ளமாக வருகிறது

என்னைக் கேட்டால், குழுக்களில் உள்ள மிக ஆபத்தான இடம் இதுதான். காரணம், பிழை என்று எதுவும் சொல்லாமல் தவறான தரவைக் கையில் கொடுத்துவிடும்.

ஒரு செயலியின் (ஓடும் புராசஸின்) எண், அதாவது பிஐடி, 1234. அதைப் பற்றி மட்டும் தெரிந்தால் போதும் என்று ஷெட் குழுவின் ஃபில்டரில் "பிஐடி == 1234" என்று எழுதுகிறீர்கள். கட்டளை சரியாக முடிகிறது. டிரேஸைப் பார்த்தால் ஷெட்_வேக்அப் வரிகள் 1234-ஐப் பற்றி மட்டும் வருகின்றன, ஆனால் ஷெட்_ஸ்விட்ச் வரிகள் கணினியில் உள்ள எல்லோரைப் பற்றியும் கொட்டுகின்றன. இரண்டு ஈவென்ட்களின் புலங்களைப் பட்டியலிடும் ஃபார்மேட் ஃபைல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷெட்_வேக்அப்பில் காம், பிஐடி, பிரியோ, டார்கெட்_சிபியு என்று புலங்கள் இருக்கின்றன. ஷெட்_ஸ்விட்ச்சில் பிஐடி என்று ஒரு புலமே கிடையாது. பிரெவ்_பிஐடி, நெக்ஸ்ட்_பிஐடி என்று இரண்டு இருக்கின்றன, ஏனென்றால் அங்கே இறங்குபவர் ஒருவர், ஏறுபவர் இன்னொருவர். நீங்கள் கேட்ட புலம் இல்லாத ஈவென்டில் உங்கள் ஃபில்டர் உட்காராது. குழுவில் ஒரு ஈவென்டிலாவது உட்கார்ந்துவிட்டால், மொத்தக் கட்டளையும் வெற்றி என்றே திரும்பும்.

செய்ய வேண்டியது இது. குழுவின் ஃபில்டரில் 0 எழுதி எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். பிறகு ஷெட்_வேக்அப்புக்கு பிஐடி வைத்து ஒன்று, ஷெட்_ஸ்விட்ச்சுக்கு "பிரெவ்_பிஐடி == 1234 || நெக்ஸ்ட்_பிஐடி == 1234" என்று ஒன்று, தனித்தனியாக எழுதுங்கள். எழுதியபின் ஒவ்வொரு ஈவென்டின் ஃபில்டர் ஃபைலையும் கேட் செய்து பாருங்கள். ஃபில்டர் இல்லாததில் நன் (none) என்று வரும். டிரேசிங் டைரக்டரியில் உள்ள எரர்_லாக் ஃபைலையும் திறந்து பார்ப்பது நல்ல பழக்கம். ஃபில்டர் பிழை எங்கே என்று அதில் ஒரு கூர்முனைக் குறியால் காட்டியிருப்பார்கள்.

குழு முழுவதற்கும் நம்பி எழுதக்கூடியவை காமன்_ என்று தொடங்கும் பொதுப் புலங்கள் மட்டுமே. அதனால் காமன்_பிஐடியை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். சரிதான், ஆனால் அதன் பொருளைப் புரிந்துகொண்டு எடுங்கள். காமன்_பிஐடி என்பது, ஈவென்ட் எழுதப்பட்ட கணத்தில் அந்தச் சிபியுவில் ஓடிக்கொண்டிருந்தவரின் எண். ஷெட்_வேக்அப்பில் அது எழுப்பப்பட்டவரின் எண் அல்ல. எழுப்பியவரின் எண்ணாக இருக்கலாம், அல்லது இன்டரப்ட் வந்து விழுந்தபோது தற்செயலாக அங்கே ஓடிக்கொண்டிருந்த யாரோ ஒருவரின் எண்ணாக இருக்கலாம். "என் செயலியை யார் எழுப்பினார்" என்ற கேள்விக்குக் காமன்_பிஐடி ஃபில்டர் போட்டால், உங்கள் செயலி மற்றவர்களை எழுப்பிய கணக்கு வந்து நிற்கும். எண்கள் வரும், வரைபடம் வரும், ஆனால் கேள்வியே தலைகீழாகிவிட்டிருக்கும்.

எல்லாம் 1 என்று இருக்கிறது, டிரேஸ் காலி

டிரேசிங்_ஆன் 0 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து செட்_ஈவென்ட்_பிஐடி ஃபைலில் நேற்றைய சோதனையின் எண் ஏதாவது மிச்சம் கிடக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஃபில்டர். அப்புறம், நீங்கள் இயக்கியது எந்த இன்ஸ்டன்ஸில்? இன்ஸ்டன்சஸ் டைரக்டரிக்குள் எம்கேடிர் செய்து உருவாக்கும் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஈவென்ட்ஸ் டைரக்டரியும் தனிப் பஃபரும் உண்டு. அங்கே இயக்கிவிட்டு மேலே உள்ள டிரேஸ் ஃபைலைப் பார்த்தால் காலியாகத்தான் இருக்கும். வேறு ஒருவர் டிரேஸ்_பைப் ஃபைலைத் திறந்து வைத்திருந்தாலும், அவர் படிக்கப் படிக்கப் பதிவு கரைந்துவிடும்.

காலியாக இல்லை, ஆனால் நீங்கள் தேடும் கணம் மட்டும் இல்லை என்றால், குழுவைப் பெரிதாகத் திறந்துவிட்டீர்கள். பஃபர் வழக்கமாக ஒரு சிபியுவுக்குச் சுமார் 1408 கிலோபைட்தான். ஷெட் குழு முழுவதையும் பரபரப்பான சர்வரில் இயக்கினால் அது சில கணங்களில் நிரம்பி, பழையவை மேலெழுதப்பட்டுவிடும். டிரேஸ் ஃபைலின் தலைப்பில் பஃபரில் இருப்பவை, எழுதப்பட்டவை என்று இரண்டு எண்கள் சாய்கோட்டுடன் இருக்கும். இரண்டும் வெகுதூரம் விலகியிருந்தால் நீங்கள் பார்ப்பது வாலை மட்டும். இங்கேதான் இன்ஸ்டன்ஸ் கைகொடுக்கும். அரிதாக வரும் ஓஓஎம், விஎம்ஸ்கேன் ஈவென்ட்களை ஒரு இன்ஸ்டன்ஸிலும், வெள்ளமாக வரும் ஷெட் ஈவென்ட்களை இன்னொன்றிலும் போட்டால், அரியவை அடித்துச் செல்லப்படாது. கம்பைல் நேரத்தில் யாரோ பிரித்த குழுக்களை, உங்கள் தேவைக்கேற்ப ஓடும் நேரத்தில் மறுபடி அடுக்கிக்கொள்ளும் வழி இது.

டிரேஸ் ஃபைலில் பெயர் சரியாக வருகிறது, பெர்ஃபிலும் டிரேஸ்-கமாண்டிலும் வரவில்லை

கெர்னல் தானே அச்சடிக்கும்போது, கம்பைல் ஆன கோடில் ஈனம் (சி மொழியில் எண்களுக்குப் பெயர் வைக்கும் வகை) மதிப்புகள் எண்களாக ஏற்கெனவே பதிந்திருக்கும். பெர்ஃப், டிரேஸ்-கமாண்ட் போன்ற வெளியே உள்ள கருவிகளோ ஃபார்மேட் ஃபைலில் உள்ள அச்சு வடிவத்தை எழுத்தாகப் படிக்கின்றன. அதில் ஈனமின் பெயர் அப்படியே இருந்தால் அவற்றுக்குப் புரியாது. இதற்குத்தான் டிரேஸ்_டிஃபைன்_ஈனம் இருக்கிறது. அதை எழுதியும் மாறவில்லை என்றால் குழுவைப் பாருங்கள். இந்த மாற்று அட்டவணையும் டிரேஸ்_சிஸ்டம் பெயரோடு சேர்த்தே வைக்கப்படுகிறது. ஒரு குழுவின் ஹெட்டரில் எழுதிய ஈனம், இன்னொரு குழுவின் ஈவென்டுக்குப் பயன்படாது. இரண்டு குழுக்களில் ஒரே ஈனம் வந்தால் இரண்டிலும் எழுதுங்கள்.

மாட்யூலை இறக்கியதும் பதிவு முழுவதும் போய்விட்டது

இது பாதுகாப்புக்காகச் செய்தது. பதிவில் இருப்பது வெறும் பைட்கள், அவற்றை வரியாக மாற்றும் வடிவம் மாட்யூலுக்குள் இருக்கிறது. மாட்யூல் போனபின், பதிவில் உள்ள ஈவென்டின் அடையாள எண் வேறொரு ஈவென்டுக்குப் போய்ச் சேரலாம். அதனால் இறங்கும் மாட்யூலின் ஈவென்ட் ஏதாவது ஒருமுறை இயக்கப்பட்டிருந்தால், கெர்னல் அந்தப் பஃபரைத் துடைத்துவிடும். ஆர்எம்மாட் செய்யுமுன் டிரேஸ் ஃபைலை வேறிடத்துக்கு நகல் எடுத்துவிடுங்கள். மாட்யூல் இறங்கும் வழியிலேயே பிழையைத் தேடுகிறீர்கள் என்றால், டிரேஸ்_பைப்பைத் தொடர்ந்து ஒரு ஃபைலுக்குள் ஓட விட்டுக்கொண்டே இறக்குங்கள்.

நானே வைத்த புரோப்கள் (ஓடும்போதே சேர்க்கும் ஈவென்ட்கள்) ஒரே குவியலாகக் கிடக்கின்றன

கேபுரோப்_ஈவென்ட்ஸில் குழுவின் பெயர் கொடுக்காமல் எழுதினால் எல்லாம் கேபுரோப்ஸ் என்ற குழுவில் விழும். யூபுரோப் என்றால் யூபுரோப்ஸ் குழுவில். பெயருக்கு முன்னால் உங்கள் குழுவின் பெயரும் சாய்கோடும் சேர்த்து எழுதினால் தனி டைரக்டரி கிடைக்கும். ஒரே கணினியில் இரண்டு பேர் வேலை செய்யும்போது இதைக் கட்டாயம் செய்யுங்கள். கேபுரோப்ஸ் குழுவின் எனேபிளில் 0 எழுதி அடுத்தவரின் சோதனையை அணைத்துவிடுவது ரொம்பச் சுலபம்.

கெர்னலைப் புதுப்பித்தபின் ஸ்கிரிப்ட் ஈவென்டைக் கண்டுபிடிக்கவில்லை

பெயர் மாறியிருக்கும், அல்லது குழு பிரிந்திருக்கும். பவர் குழுவில் முன்பு பவர்_ஃபிரீக்வன்சி என்று இருந்தது பிறகு சிபியு_ஃபிரீக்வன்சி ஆனது. பவர்_ஸ்டார்ட், பவர்_எண்ட் இரண்டுக்கும் பதிலாக சிபியு_ஐடில் வந்தது. பழைய பெயர்களையும் ஒரு கான்ஃபிக் மூலம் சில காலம் வைத்திருந்தார்கள், அவற்றை நம்பிய கருவிகள் இருந்ததால். 2011-இல் எல்லா ஈவென்ட்களுக்கும் பொதுவாக இருந்த லாக்_டெப்த் என்ற புலத்தை எடுத்தபோது, புலங்களின் இடத்தைக் கணக்கிட்டு வைத்திருந்த பவர்டாப் என்ற மின்பயன்பாட்டுக் கருவி உடைந்தது. அதன்பின் அந்த இடத்தை வெற்றிடமாகவாவது திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஸ்கிரிப்ட் எழுதுபவர் செய்யக்கூடியது: அவெய்லபிள்_ஈவென்ட்ஸில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு இயக்குங்கள், புலங்களின் இடத்தை எண்ணாக எழுதி வைக்காமல் ஃபார்மேட் ஃபைலிலிருந்து படியுங்கள், இல்லாத ஈவென்டை அமைதியாகத் தாண்டிப் போகாமல் பெயர் சொல்லி நில்லுங்கள். ஈவென்டை எழுதுபவர் செய்ய வேண்டியது, பேட்சை அனுப்புமுன் டிரேஸ்_சிஸ்டம் வரியை இன்னொரு முறை பார்ப்பது. அந்தப் பெயர் ஒருமுறை வெளியே போய்விட்டால், எங்கோ யாரோ ஒருவரின் ஸ்கிரிப்ட் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.